ஒரு வாசகி கேட்கிறார்

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே எல்லோரும் சுகம், என் கழுத்தைத் தவிர. அங்கே நீங்கள், அண்ணன், குண்டூசி மூவரும் சௌக்கியமா? உங்கள் மகள் இந்த வருஷமாவது கொஞ்சம் சதை போட்டாளா, இல்லை பக்கவாட்டில் திரும்பினால் இன்னும் காணாமல்தான் போகிறாளா?

உங்கள் நாத்தனாருக்குப் பதவி வந்திருக்கிறது. சம்பளம் இல்லாத பதவி. நூலகர்களுக்கென்று ஒரு மின்னஞ்சல் குழு இருக்கிறதே, உங்கள் கிளை நூலகம்கூட அதில் உண்டே, அதற்கு என்னை நிர்வாகியாகப் போட்டுவிட்டார்கள். நீதிமன்ற நூலகத்தில் இருப்பவள், சட்டம் தெரிந்தவள் என்பது காரணம். சட்டப் புத்தகத்தை அடுக்குகிறவளுக்குச் சட்டம் தெரியும் என்றால், மருந்துக் கடையில் பெட்டி தூக்குகிறவர் ஆபரேஷன் செய்யலாம்.

வேலை இதுதான். எந்த ஊர் நூலகர் எந்தக் கேள்வி அனுப்பினாலும் அது முதலில் என் பெட்டிக்கு வந்து வரிசையில் நிற்கும். நான் 'சரி' என்று அழுத்தினால்தான் எல்லோருக்கும் போகும். புத்தகம், அட்டவணை, கரையான் மருந்து பற்றிய கேள்விகள் என்றால் பிரச்சினை இல்லை. ஆனால் பாதிக்கு மேல் சட்டக் கேள்விகள். எல்லாமே 'ஒரு வாசகர் கேட்கிறார்' என்றுதான் தொடங்கும். பக்கத்து வீட்டு மாமரம் என் கூரையில் சாய்ந்தால் காய் யாருக்கு? மாடி வீட்டுக்காரர் துவைத்த தண்ணீர் என் தலையில் விழுந்தால் வழக்குப் போடலாமா? இதில் எத்தனை பேர் நிஜ வாசகர், எத்தனை பேர் தலை நனைந்த நூலகர் என்று எனக்குச் சந்தேகம்.

விதி ஒன்றுதான்: எந்தப் புத்தகத்தில், எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டலாம். 'நீ இப்படிச் செய்' என்று சொல்லக் கூடாது. என்னோடு இன்னொரு நிர்வாகி இருக்கிறார், ஓய்வு பெறப்போகும் பெரியவர். எல்லோரும் மீசைக்காரர் என்பார்கள். "பக்கத்தைக் காட்டும்மா, பாதையைக் காட்டாதே" என்பது அவர் உபதேசம்.

சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. என் வீட்டுக்காரர் கீழே ஒரு வாளியை வைத்துவிட்டு, பிரச்சினை தீர்ந்தது என்று டியூஷன் எடுக்கப் போய்விட்டார். அண்ணன் இன்னும் சாப்பாட்டு மேசை முழுக்கக் கட்டட வரைபடத்தை விரித்து உங்களைத் தரையில் உட்கார வைக்கிறாரா? தங்கைக்கு ஒரு வரி எழுதினால் பென்சில் தேய்ந்துவிடாது என்று சொல்லுங்கள்.

ஆபீஸ் கம்ப்யூட்டரில் இதை எழுதினால் பின்னால் நாலு பேர் நின்று படிக்கிறார்கள். நமக்குத் தாள்தான்.

உங்கள்
வாலு

*

பிப்ரவரி 27

அன்புள்ள வாலுக்கு,

கடிதம் வந்தது. இங்கே குறை ஒன்றுமில்லை. உன் கழுத்துக்குத் தலையணையை மாற்றிப் பார். உன் வீட்டுக்காரரையும் கேட்டதாகச் சொல்.

பதவிக்கு வாழ்த்து. ஆனால் வாசகர்களைக் கிண்டல் செய்யாதே. உங்கள் நீதிமன்ற நூலகத்துக்குக் கறுப்புக் கோட்டுகள் வரும். என் மேசைக்கு வருகிறவர்கள் வேறு. வக்கீல் வீட்டு வாசலில் நிற்கவே கூச்சப்படுகிறவர்கள். செய்தித்தாள் படிப்பதுபோல் அரை மணி உட்கார்ந்திருந்து, கூட்டம் குறைந்ததும் மெதுவாக வந்து, "மேடம், ஒரு சந்தேகம்" என்பார்கள். கையில் மடித்து மடித்துக் கிழிந்த ஒரு நோட்டீஸ் இருக்கும். கதவு திறந்திருக்கிற ஒரே இடம் நம்முடையது, அதனால் வருகிறார்கள்.

நல்ல செய்தி ஒன்று. குண்டூசிக்குக் கப்பல் பயிற்சிக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. கப்பல் ஓட்டப் போகிறாளாம். சைக்கிளில் திரும்பும்போது கை காட்டத் தெரியாதவள். தேர்வில் வந்த பெண்கள் ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள், அதில் இவள் ஒருத்தி. ஜூன் கடைசியில் சேர வேண்டும். பதினெட்டு நிரம்பாததால் சில தாள்களில் பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும்.

உன் அண்ணன் வேலை விஷயமாக வெளியூர் போயிருக்கிறார்.

எங்கள் கிளையிலிருந்து உன் குழுவுக்கு ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறேன். ஒரு வாசகிக்காக. பார்த்துச் சொல்.

அன்புடன்
அண்ணி

*

மார்ச் 12

அன்புள்ள அண்ணிக்கு,

கப்பல்காரிக்கு அத்தையின் முத்தம்! என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "இவ ஓட்டற கப்பல்ல நான் ஏற மாட்டேன்" என்றார். அவர் பேருந்திலேயே கண்ணை மூடிக்கொள்கிற ஆள். அவரைச் சிரிக்க வைத்த செய்தி இந்த மாதத்தில் இதுதான். தலையணையை மாற்றினேன். வலி இப்போது இடது பக்கம்.

உங்கள் வாசகியின் கேள்வி வந்தது. 'கணவர் கைக்கெட்டாத நிலையில் பிள்ளையின் படிப்புக்குத் தாய் மட்டும் கையெழுத்துப் போடலாமா?' எங்கள் வழக்கமான பதிலை அனுப்பிவிட்டேன், பார்த்திருப்பீர்கள்: 'இது சட்ட ஆலோசனையின் பாற்பட்டது. தகுந்த வழக்கறிஞரை அணுகவும்.' கோபித்துக்கொள்ளாதீர்கள். அன்று வரிசையில் அப்படிப்பட்ட கேள்விகள் அணி வகுத்து நின்றன. ஒவ்வொன்றுக்கும் பக்கம் தேட உட்கார்ந்தால் என் ஆபீஸ் வேலையை யார் பார்ப்பது?

விதியும் சும்மா வந்ததில்லை. எனக்கு முன்னால் இருந்த ஒருவர், ஒரு தாத்தாவுக்கு மேல்முறையீட்டுக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது என்று நல்ல மனசோடு சொல்லிவிட்டார். சட்டம் அதற்குள் திருத்தப்பட்டிருந்தது. தாத்தா நிதானமாக வந்தபோது கதவு சாத்தியாகிவிட்டது. அந்த நூலகர் வேலையை விடவில்லை, ஆனால் அதற்குப் பிறகு யார் என்ன கேட்டாலும் "தெரியாது" என்றே ஓய்வு பெற்றார்.

அந்த வாசகி யார்? பாவம், ஒரு வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அண்ணன் இன்னுமா வெளியூர்? எந்த ஊர்? அவருக்குத் தூசி ஒத்துக்கொள்ளாதே, கட்டட வேலை நடக்கிற இடத்தில் மூக்கைக் கட்டிக்கொள்கிறாரா? திரும்பியதும் எழுதச் சொல்லுங்கள். நிஜமாகவே கோபமாக இருக்கிறேன்.

உங்கள்
வாலு

*

ஏப்ரல் 2

அன்புள்ள வாலுக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எனக்குக் கொஞ்சம் அசதி. மற்றபடி ஒன்றுமில்லை.

உன் பதிலை அந்த வாசகிக்குப் படித்துக் காட்டினேன். "பாற்பட்டதுன்னா என்னங்க?" என்று கேட்டாள். எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

அவள் கணவர் ஜனவரியில் ஒருநாள் காலை வீட்டை விட்டுப் போனார். சண்டை இல்லை. குடி இல்லை. வழக்கம்போல் பல் தேய்த்தார், பையை எடுத்துக்கொண்டார், போனார். மேசை மேல் ஒரு துண்டுத் தாள்: 'தேடாதே. எனக்கு ஒன்றுமில்லை.' அவள் யாரிடமும் சொல்லவில்லை. கேட்கிறவர்களுக்கு வெளியூர் வேலை என்கிறாள். அவருடைய செருப்பை வாசலிலேயே விட்டு வைத்திருக்கிறாள், பார்க்கிறவர்கள் ஆள் உள்ளே இருக்கிறார் என்று நினைக்கட்டும் என்று. கூட்டும்போது அதை நகர்த்தி, மறுபடி அதே இடத்தில் வைக்கிறாளாம்.

வக்கீலைப் பார்த்தாள். "ஆள் காணாமப் போனவர்னு பதிவாகணும், இல்ல பிரிஞ்சவர்னு ஆகணும். நீங்க ரெண்டுமே இல்லையேம்மா" என்றாராம்.

அதனால் இன்னொரு கேள்வி அனுப்பியிருக்கிறேன். ஒருவரைக் காணாமல் போனவராகப் பதிவு செய்வது எப்படி, அப்படிச் செய்தால் பிள்ளையின் தாள்களுக்குத் தாய் கையெழுத்து மட்டும் போதுமா என்று. இந்தத் தடவை வழக்கமான பதில் வேண்டாம். பக்கத்தைக் காட்டு, போதும். படிக்க அவளுக்குத் தெரியும்.

உன் அண்ணன் நலம் என்றே நினைக்கிறேன்.

அண்ணி

*

ஏப்ரல் 29

அன்புள்ள அண்ணிக்கு,

பதில் தாமதம், மன்னியுங்கள். நீங்களும் குண்டூசியும் நலமா? உங்கள் அசதி எப்படி இருக்கிறது? இரும்புச் சத்து மாத்திரை எடுத்துக்கொள்கிறீர்களா?

குழுவில் பெரிய ரகளை. சட்டக் கேள்விகளையே அடியோடு நிறுத்த வேண்டும் என்று ஒரு கட்சி, அப்படியானால் நூலகத்தை மூடிவிட்டு அதில் மாவு மில் வையுங்கள் என்று இன்னொரு கட்சி. ஒரு கல்லூரி நூலகர் தினமும் காலை, மதியம், மாலை என்று மருந்து மாதிரி எழுதுகிறார். மீசைக்காரருக்கே கொட்டாவி வந்துவிட்டது.

இங்கே வெயில் சுள்ளென்று அடிக்கிறது. சமையலறைக் குழாய் ஒருவழியாகச் சரியானது. வாளிக்கு ஓய்வு. வரவேற்பறை மின்விசிறியும் இப்போது கடகடக்காமல் ஓடுகிறது.

உங்கள் வாசகியின் கேள்வி வரிசையில் இருக்கிறது. கொஞ்சம் சிக்கலான விஷயம், யோசித்துத்தான் விட வேண்டும். அவளைச் சற்றுப் பொறுக்கச் சொல்லுங்களேன். அவசரப்பட்டு ஆபீஸ், ஸ்டேஷன் என்று போனால் நாளைக்கு அந்த மனிதர் தானாகத் திரும்பி வந்தாலும் முகத்தில் விழிக்க முடியாமல் போய்விடும். சிலர் அப்படித்தான், கொஞ்ச நாள் மூச்சு விட்டுவிட்டு வருவார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாலு

*

மே 11

அன்புள்ள வாலுக்கு,

நீயும் உன் வீட்டுக்காரரும் சுகமா?

வரிசையில் இருக்கிறது, வரிசையில் இருக்கிறது என்று எத்தனை நாள்தான் அந்த வாசகியும் பொறுப்பாள்? அவள் காவல் நிலையம் போனாள். நான் கூடப் போனேன் என்று எழுதலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். முடியவில்லை. வாலு, அந்த வாசகி நான்தான்.

உன் அண்ணன் ஜனவரி கடைசியில் போனார். இதுவரை ஒரு தகவல் இல்லை.

உனக்கு ஏன் சொல்லவில்லை? முதல் வாரம், வந்துவிடுவார் என்று. பிறகு, வெட்கம். பிறகு, நீ ஒவ்வொரு கடிதத்திலும் 'அண்ணன் எப்படி, மூக்கைக் கட்டிக்கொள்கிறாரா' என்று கேட்கும்போது, இவளுடைய அண்ணனை நான் தொலைத்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? கடன் வாங்கிய புத்தகத்தைத் தொலைத்தவள்போல் மழுப்பிக்கொண்டிருந்தேன்.

நிலையத்தில் பெஞ்சில் ரொம்ப நேரம் உட்கார வைத்தார்கள். பிறகு ஓர் அதிகாரி கூப்பிட்டார்.

"சண்டையா?"

"இல்லை சார்."

"வேற யாராவது பொம்பள?"

"தெரியலை சார்."

"அப்ப ஏன் போனாரு?"

"அதைத்தான் சார் நானும் கேக்கறேன்."

துண்டுத் தாளைக் காட்டினேன். அவர் வரைபடத்துக்கு எழுதுகிற அதே அச்சு மாதிரி எழுத்து. படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "தேடாதேன்னு அவரே எழுதியிருக்காரேம்மா. இது காணாமப் போனது இல்ல, கிளம்பிப் போனது. ரெண்டும் வேற." புகைப்படம் கேட்டார். வீட்டில் எல்லாப் படமும் எடுத்தது உன் அண்ணன், அதனால் எதிலும் அவர் இல்லை. கல்யாணத்துக் குழுப் படம் ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். "இதுல மாப்பிள்ளைய எனக்கே அடையாளம் தெரியல, ஊருக்கு எப்படித் தெரியும்?" என்று சொல்லிச் சிரித்தார். பக்கத்து மேசைக்காரரும் சிரித்தார். கெட்ட மனிதர்கள் இல்லை, வாலு. அவர்களுக்கும் சாயங்காலம் ஆகிவிட்டது.

குண்டூசி ஒன்றும் கேட்பதில்லை. கல்லூரித் தாள்களில் தன் பெயர், பிறந்த தேதி எல்லாம் நிரப்பி, அப்பா கையெழுத்து என்ற இடத்தில் பென்சிலால் சின்னப் பெருக்கல் குறி போட்டு என் மேசையில் வைத்திருக்கிறாள்.

கேள்வியை விடு. குழுவில் நூற்றுக்கணக்கானவர்கள் இருக்கிறார்கள், யாருக்காவது தெரிந்திருக்கும். நீ பதில் சொல்ல வேண்டாம். கேள்வியை விட்டால் போதும்.

அண்ணி

*

மே 27

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதம் பார்த்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இத்தனை நாள் தனியாக இதைச் சுமந்திருக்கிறீர்களே. என்னிடம் முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

தைரியமாக இருங்கள். அவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது, எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது. இனி நிலையத்துக்கெல்லாம் போகாதீர்கள். அவர்கள் பேசுவது உங்களுக்குத் தாங்காது. கேள்வியைக் குழுவில் விட்டால் உங்கள் கிளையின் பெயர் தெரியும், ஊர் வாய்க்கு அவல் போட்டதாகும். அதனால்தான் யோசிக்கிறேன். கல்லூரிக்காரர்களிடம் கொஞ்சம் அவகாசம் கேட்க முடியுமா?

என் உடம்பு பரவாயில்லை. குண்டூசிக்கு என் அன்பு.

வாலு

*

ஜூன் 4

வாலு,

இங்கே சுகம். அங்கே?

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். கூடப் பிறந்தவர் காணாமல் போன செய்தி கேட்டவள் எழுதிய கடிதம் மாதிரி இல்லை. என்ன சட்டை போட்டிருந்தார், எந்தப் பையை எடுத்துக்கொண்டார், யாரிடம் விசாரித்தீர்கள், எதையும் நீ கேட்கவில்லை. தகவல் கேட்கும் ஆட்களோடுதான் என் பிழைப்பு. யாருக்கு விடை ஏற்கெனவே தெரியுமோ, அவர்கள்தான் கேள்வி கேட்க மாட்டார்கள்.

பிறகு பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். பிப்ரவரியில் அண்ணன் எப்படி என்று கேட்டாய். மார்ச்சில் கோபமாகக் கேட்டாய். ஏப்ரல் கடைசியில் 'நீங்களும் குண்டூசியும் நலமா' என்று மட்டும் கேட்டாய். அதே கடிதத்தில் உன் வீட்டுக் குழாய் சரியாகிவிட்டது, மின்விசிறி கடகடக்கவில்லை. உன் வீட்டுக்காரருக்குத் திருப்புளியின் எந்த முனையைப் பிடிப்பது என்று தெரியாது.

கல்லூரித் தாள் இம்மாத இறுதிக்குள் போய்ச் சேர வேண்டும்.

ஒரே ஒரு கேள்வி. இது எந்த ஆலோசனையின் பாற்பட்டதும் இல்லை. அவர் உன் வீட்டில் இருக்கிறாரா?

அண்ணி

*

ஜூன் 10

அன்புள்ள அண்ணிக்கு,

இருக்கிறார்.

உடம்பு நன்றாக இருக்கிறது. அதை முதலில் எழுத வேண்டும் என்று தோன்றியது.

ஏப்ரல் பாதியில் ஒரு சாயங்காலம் நான் ஆபீஸிலிருந்து வந்தால் வாசல்படியில் உட்கார்ந்திருக்கிறார். அதுவரை எங்கோ ஒரு விடுதியில் தங்கி, நில அளவைக்காரர் ஒருவருக்குப் படம் போட்டுக்கொடுத்தாராம். உங்கள் ஏப்ரல் கடிதம் என் மேசையில் அப்போதே இருந்தது. அவரைப் பார்த்த நொடியில் அந்த வாசகி யார் என்று புரிந்துவிட்டது.

"அண்ணா, என்ன இது? ஏன் இப்படிப் பண்ணே?" என்றேன்.

"பல் தேச்சுட்டு இருந்தேன், வாலு. கண்ணாடியில பார்த்தேன். இன்னும் இருபது வருஷம் இதே மூஞ்சி, இதே கண்ணாடி, இதே பிரஷ்ஷுன்னு தோணுச்சு. கிளம்பிட்டேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். பெருசா ஏதாவது இருந்தா எனக்கே நல்லா இருந்திருக்கும்."

"அண்ணிக்கு எழுதறேன்."

"வேண்டாம். சொல்லாதே. நானே போறேன். ஆனா இப்ப எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போறது?"

அப்போது அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. ஒரு வாரத்தில் போய்விடுவார் என்று நினைத்தேன். ஒரு வாரம் இன்னொரு வாரமானது. குழாயைச் சரி செய்தார், மின்விசிறியைச் சரி செய்தார், வீட்டில் உடைய ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று தேட ஆரம்பித்தார். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அது பிடித்திருந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் என் ஆபீஸ் கதையைக் கேட்க ஓர் ஆள் இருந்தார். என் வீட்டுக்காரர் நல்லவர்தான், ஆனால் அவரிடம் பேசுவது கரும்பலகையிடம் பேசுவது மாதிரி. என் வீட்டுக்காரர்தான் முதல் நாளே, "அவங்களுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிடு" என்றார். நான்தான் கேட்கவில்லை.

உங்கள் கேள்வியை நான் வேண்டுமென்றேதான் நிறுத்தி வைத்தேன். அவர் பக்கத்து அறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கும்போது அவரைக் காணாமல் போனவராக ஆக்குகிற வழியை ஊருக்குக் கேட்க என் விரல் வரவில்லை. மீசைக்காரர் இரண்டு தடவை கேட்டார், "இது ஏம்மா இன்னும் நிக்குது?" என்று. "கேள்வி தெளிவா இல்லை சார்" என்றேன். உங்கள் கேள்வி மாதிரித் தெளிவான கேள்வி அந்தக் குழுவுக்கு வந்ததே இல்லை, அண்ணி.

நீங்கள் நிலையத்தில் உட்கார்ந்திருந்ததைப் படித்த அன்று அவருக்கும் படித்துக் காட்டினேன். எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். "அவ தனியாவா போனா?" என்று மட்டும் கேட்டார். அப்போதும் நான் உங்களுக்கு அந்த மே மாதக் கடிதத்தை எழுதினேன். எப்படி எழுதினேன் என்று இப்போது தெரியவில்லை.

உங்கள் கடிதம் நேற்று வந்தது. இன்று காலை கேள்வியைக் குழுவில் விட்டேன், கிளையின் பெயரை எடுத்துவிட்டு, எந்தக் கல்லூரி என்பதை மட்டும் சேர்த்து. மதியச் சாப்பாட்டுக்குள் பதில் வந்துவிட்டது. துறைமுக நூலகத்துக்காரர் ஒருவர் எழுதியிருக்கிறார்: இது சட்டக் கேள்வியே இல்லையாம். அந்தக் கல்லூரியின் சேர்க்கை விதிகளில், கடைசிப் பின்னிணைப்பில், பெற்றோரில் ஒருவர் சேர்ந்து வாழாவிட்டால் மற்றவர் கையெழுத்தும் ஓர் உறுதிமொழிப் பத்திரமும் போதும் என்று இருக்கிறதாம். பக்கத்தைப் படியெடுத்தே அனுப்பியிருக்கிறார். இணைத்திருக்கிறேன். பிப்ரவரியிலேயே ஒரு மதியத்தில் முடிந்திருக்க வேண்டிய விஷயம். அப்போது அண்ணன் என் வீட்டில்கூட இல்லை. அன்று எனக்கு வெறும் அலுப்பு, அவ்வளவுதான்.

அண்ணனிடமும் ஒப்புதல் தாளில் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். அதுவும் இதோடு வருகிறது. எது வேண்டுமோ அதைப் பயன்படுத்துங்கள்.

மீசைக்காரரிடம் எல்லாவற்றையும் சொல்லி நிர்வாகி வேலையை விட்டுவிட்டேன். அவர் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். திட்டியிருக்கலாம்.

வாலு

*

ஜூலை 20

வாலு,

இங்கே எல்லோரும் நலம்.

குண்டூசி கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். சீருடை தோளில் நிற்காமல் வழிகிறது, ஊசி போட்டுப் பிடித்து அனுப்பினேன். முதல் வாரமே கயிற்றில் முடிச்சுப் போடுவதில் முதலாவதாக வந்தாளாம். துறைமுக நூலகத்துக்காரருக்கு நன்றி சொல்லிக் குழுவில் எழுதினேன், பார்த்திருப்பாய்.

உன் அண்ணன் கையெழுத்துப் போட்ட தாளை நான் அனுப்பவில்லை. பின்னிணைப்பில் சொன்னபடி உறுதிமொழிப் பத்திரம் எழுதி என் கையெழுத்தோடு அனுப்பினேன். அவர் இடத்தில் அவள் போட்ட பெருக்கல் குறியை அழிக்காமல் அப்படியே விட்டேன். ஏற்றுக்கொண்டார்கள்.

அவள் கிளம்புவதற்கு முன்பே அவர் வந்தார். உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருப்பார். வீட்டுக்கு வரவில்லை, நூலகத்துக்கு வந்தார். பிற்பகல். என் மேசைக்கு முன்னால் வரிசை. புத்தகம் திருப்புகிறவர் ஒருவர், கத்தரிக்கோல் கேட்டு ஒரு பெண், அடுத்து இவர். இளைத்திருந்தார். எல்லோரையும் கேட்பதுபோலத்தான் கேட்டேன்.

"என்ன வேணும்?"

"வீட்டுக்குப் போனேன். பூட்டியிருந்தது."

"சாவி இருக்குமே."

"இருக்கு. உன்னைக் கேட்காம திறக்கத் தோணலை."

பின்னால் ஒருவர் இருமினார். "ஆறு மணிக்கு மூடுவோம்," என்றேன். "அதுவரைக்கும் உட்காருங்க."

உட்கார்ந்தார். செய்தித்தாள் மேசையின் ஓரத்தில், எதையும் எடுத்துப் படிக்காமல். நான் வேலையைப் பார்த்தேன். வீட்டுச் சொந்தக்காரர் காலி செய்யச் சொல்கிறார் என்று ஒரு அம்மா நோட்டீஸோடு வந்தாள். விதிப் புத்தகத்தை எடுத்து, பக்கத்தைப் பிரித்து, அவள் பக்கம் திருப்பி வைத்து, கூட உட்கார்ந்து வரி வரியாகப் படித்தோம். ஒரே வரியை இரண்டு தடவை படித்தேன். "கரன்ட் குறைச்சலா இருக்கா மேடம், எழுத்து தெரியலையா?" என்று அவள் கேட்டாள்.

மூடும்போது அவர் எழுந்து நாற்காலிகளை ஒவ்வொன்றாக மேசைக்குள் தள்ளி வைத்தார். யாரும் சொல்லவில்லை. பிறகு வீட்டுக்கு நடந்தோம். குண்டூசி கதவைத் திறந்து, "வந்துட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுத் துணி தேய்க்கப் போய்விட்டாள். அவள் கல்லூரிக்குக் கிளம்பிய அன்று ரயிலில் ஏறியதும் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முன்னறையில் இருக்கிறார். பழையபடி படம் போடுகிறார், மேசையில் பாதியைத்தான் எடுத்துக்கொள்கிறார். கண்ணாடியைப் பற்றி என்னிடமும் சொன்னார். கேட்டுக்கொண்டேன். அதே கண்ணாடியில்தான் நானும் தினம் என் முகத்தைப் பார்க்கிறேன். எனக்கும் ஒரு பை இருக்கிறது. இதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை. ஒருநாள் சொல்வேன். அதற்குப் பிறகு சேர்ந்து இருப்போமா இல்லையா என்பது தெரியும்.

இனி உன் விஷயம். விசித்திரம் என்னவென்றால், அவர் மேல் வருகிற கோபம் வருகிறது, போகிறது. உன் மேல் வந்தது போக மாட்டேன் என்கிறது. அவர் யாரிடமும் எதுவும் சொல்கிற மனிதர் இல்லை. அவரிடம் நான் பதில் எதிர்பார்த்துப் பல வருஷம் ஆகிறது. உன்னிடம் எதிர்பார்த்தேன். இந்தக் குடும்பத்தில் எனக்கு வாய்த்த ஆள் நீ. உன் அண்ணனைக் கட்டியதால் நீ கிடைத்தாய் என்று பல தடவை நினைத்திருக்கிறேன். நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, வீட்டுக்குப் போய் வாலுக்கு எழுதிவிட்டால் பாரம் பாதி குறையும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உன்னை வெட்டிவிடவில்லை. எழுதுவேன். எப்போது என்று தெரியாது. மழைக்காலம் முடிந்து இருக்கலாம், இன்னும் தள்ளியும் போகலாம். அதுவரை நீ எழுதாதே. மன்னிப்புக் கேட்டு எழுதாதே, உடம்பு விசாரித்தும் எழுதாதே. தபால்காரர் உன் தெருவுக்குள் வருகிற நேரத்தில் வாசலில் நின்று பார். ஒரு பதிலுக்காக நிற்பது எப்படி இருக்கும் என்று உனக்கும் கொஞ்சம் தெரியட்டும்.

அண்ணி